செத்தவனுக்கும் வரி, தொட்டில் பிள்ளைக்கும் வரி

கொரிய சரித்திர சீரியல்களில் அரண்மனையும் கருப்புத் தொப்பி போட்ட யாங்பான் பிரபுக்களும்தான் நிறைய வருவார்கள். எனக்கு ஓரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் காலத்தில் அவர்களுக்கு சாங்மின் என்று பெயர். அடிமைகள் இல்லை, பெரும்பாலும் விவசாயிகள், வரிச்சுமையில் பெரும்பங்கு இவர்கள் தலையில்தான்.

அதில் படைத்துணி வரி மாதிரி கொடுமை வேறில்லை என்பேன். 16 வயதிலிருந்து 60 வரை ஆண்கள் படைக்குக் கடமைப்பட்டவர்கள், அதற்குப் பதிலாக வருஷத்துக்கு 2 சுருள் துணி கட்டலாம் என்று வந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாங்பான்களுக்கு இது கிடையாது. ஏட்டில் இருப்பது ஆணின் பெயர், ஆனால் மற்ற வேலையெல்லாம் முடித்துத் தறியில் உட்கார்ந்து துணி நெய்தவள் வீட்டுப் பெண். 1750இல் யோங்ஜோ மன்னர் அதை 1 சுருளாகக் குறைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்கு மேலேயிருந்தே வந்துவிடும். காசு சேர்த்தவன் போலி வம்சாவளி வாங்கி யாங்பான் ஆகிவிடுவான், முடியாதவன் ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடிவிடுவான், அவர்கள் பங்கும் மிச்சமிருப்பவர்கள் மேல்தான் விழும். அப்புறமும் ஆள் குறைந்தால் செத்தவன் பெயரை ஏட்டிலிருந்து எடுக்க மாட்டார்கள், பச்சைக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

அரசு தண்டனையாகத் தெற்கே காங்ஜினில் வைக்கப்பட்டிருந்த அறிஞர் ஜோங் யாக்-யோங் 1803இல் அங்கே நடந்த ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே அதன் பெயரைப் படை ஏட்டில் ஏற்றி, வரிக்கென்று மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இதனால்தானே இந்தக் கஷ்டம் என்று தகப்பன் கத்தியை எடுத்துத் தன் ஆணுறுப்பை அறுத்துக்கொண்டான். மனைவி அதை ரத்தம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்கு ஓடி அழுதிருக்கிறாள், வாசல் காவலன் உள்ளேயே விடவில்லை. யாங்பான்கள் வீட்டில் வருஷம் முழுக்க இசைதான், அவர்கள் ஒரு மணி அரிசியோ ஒரு அங்குலத் துணியோ கொடுப்பதில்லை என்று அதைப் பற்றிய கவிதையில் கேட்கிறார் அவர். அந்தப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1862இல் ஜின்ஜுவில் விவசாயிகள் கிளம்பி வரி எழுதும் குமாஸ்தாக்களின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், தெற்கே ஊர் ஊராக அது பரவியது. 1871இல்தான் யாங்பான் வீடுகளும் துணி வரி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போதும் கௌரவம் போய்விடக் கூடாது என்று அவர்கள் தங்கள் அடிமைகளின் பெயரில் கட்ட அரசு அனுமதித்தது.