சுடோகு, ககுரோ, மாயச் சதுரம்: எது எதைத் தருகிறது

சுடோகு போட்டால் கணக்கு நன்றாக வரும் என்று நம்பிப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் நிறைய. அப்படி வராது. 9×9 கட்டங்களில், எந்தக் கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் 3×3 பெட்டியிலும் ஓர் எண் திரும்பாமல் 1 முதல் 9 வரை நிரப்புவதுதான் சுடோகு; அதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 1 முதல் 9 வரையுள்ள எண்களை எடுத்துவிட்டு ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் புதிர் அதேதான். அது பழக்குவது வேறொன்றை: “இது இங்கே வர முடியாது” என்று காரணத்தோடு சொல்லி விலக்குவதை. கூட்டல் கை வர வேண்டுமென்றால், தரப்பட்ட கூட்டுத்தொகைகளுக்கு ஏற்ப எண்களை நிரப்பும் ககுரோ. எழுத்துக் கணிதம் (அல்ஜீப்ரா) பிடிபட வேண்டுமென்றால், எந்த வரிசையை, எந்த மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் மாயச் சதுரம். மூன்றையும் இந்த வரிசையில் செய்து பார்த்ததில் எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பதன் பதிவு இது.

தாளும் பென்சிலும்

நாளிதழில் வரும் கட்டத்தில் விடைக்கு இடம் இருக்கும், குறிப்புக்கு இருக்காது. அந்தத் தாளில் ரப்பரை நாலு முறை தேய்த்தால் ஓட்டை விழும். நீள நோட்டில் ஒரு கட்டத்துக்கு 1.5 செ.மீ. என்று வரைந்துகொண்டால் சதுரத்தின் பக்க நீளம் 13.5 செ.மீ. வரும், ஒரு பக்கத்தில் ஒரு புதிர் தாராளமாக அடங்கும். கொடுத்த எண்களைப் பேனாவில் எழுத வேண்டும், விடையை 2பி பென்சிலில். தப்பு நேர்ந்து எல்லாவற்றையும் அழிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். எழுதி முடித்ததும், அச்சில் எத்தனை எண்கள், நோட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஓர் எண் இடம் மாறி இறங்கியிருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

கொடுத்த எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று அர்த்தமில்லை. ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுத்தாக வேண்டும். 16 போதாது என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு 2012-இல் கணினியில் சோதித்துக் காட்டியது. 17 எண்ணுள்ள புதிர்களிலும் சில எளிதாக ஓடிவிடும். 28 எண் இருந்தும் நகராதவை உண்டு.

நோட்டின் ஓரத்தில் நான்கு விவரங்கள் போதும்: புதிரின் நிலை, எடுத்த நேரம், எங்கே நின்றது, எதைக் கொண்டு நகர்ந்தது. நேரத்தை மட்டும் எழுதுபவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள்; எளிய புதிரில் நேரம் ஓரளவு குறைந்தபின் அங்கேயே நின்றுவிடும். கடைசி இரண்டு விவரங்கள்தாம் வளர்ச்சியைக் காட்டும்.

சுடோகு: சின்ன எண்கள்

தொடக்கத்தில் எல்லோரும் காலியான கட்டத்தைப் பார்த்து “இங்கே என்ன வரும்” என்று கேட்பார்கள். திருப்பிக் கேட்க வேண்டும்: “இந்த எண் இந்தப் பெட்டியில் எங்கே வரும்?” அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எண்ணில் தொடங்கி, அது இல்லாத 3×3 பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எளிய புதிர்களில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்த நிலையில்தான் பலர் நோட்டைக் கெடுத்துக்கொள்வது. ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களை எல்லாம் பொடியாக எழுதிவைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். கெடுதல் அதோடு நிற்பதில்லை. ஒரு விடை எழுதியதும் அதன் கிடைவரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றிலும் அந்தச் சின்ன எண்ணை அழிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் மறைந்திருக்கும் விடை கண்ணில் படாது. அதைவிட மோசம், எழுதும்போதே ஒரு சின்ன எண்ணை விட்டுவிடுவது. மிச்சமிருக்கும் ஒன்று விடைபோலத் தெரியும். நம்பி எழுதினால் போச்சு.

இதற்கு மாற்று, மூன்று முறை உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் தாமஸ் ஸ்னைடரின் பெயரால் வழங்கும் குறிப்பு முறை. ஒரு பெட்டியில் ஓர் எண்ணுக்கு இரண்டே இடங்கள் இருந்தால் மட்டும் அந்த இரண்டிலும் எழுத வேண்டும். மூன்று இடம் என்றால் எழுதவே கூடாது. குறிப்புகள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்யும். அந்த இரண்டில் ஒன்று அடிபட்டால் மற்றது உடனே விடை. ஒரே பெட்டியில் 2-க்கும் 7-க்கும் அதே இரண்டு கட்டங்கள்தாம் இடம் என்று வந்தால் அவை இரண்டும் பூட்டப்பட்டுவிட்டன. வேறெந்த எண்ணும் அங்கே நுழையாது.

இந்தப் பூட்டு வரிசையிலும் வரும். ஒரு கிடைவரிசையில் 2, 5, 7, 8 மட்டும் மீதி. முதல் கட்டத்தில் 2 அல்லது 7, இரண்டாவதிலும் 2 அல்லது 7, மூன்றாவதில் நான்கில் எதுவும் வரலாம், நான்காவதில் 5 அல்லது 8. முதலிரண்டு கட்டங்களும் 2-ஐயும் 7-ஐயும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். எது எங்கே என்று இன்னும் தெரியாது, ஆனாலும் மூன்றாவதில் 5 அல்லது 8தான் என்று இப்போதே சொல்லிவிடலாம். தெரியாததை வைத்துக்கொண்டே இன்னொன்றை உறுதி செய்கிற இந்த இடம்தான் சுடோகுவின் சுவை. எக்ஸ்-விங் என்ற உத்தி இதன் நீட்சிதான்: 3-ஆம் கிடைவரிசையிலும் 8-ஆம் கிடைவரிசையிலும் 4 என்ற எண்ணுக்கு 2-ஆவது, 7-ஆவது நெடுவரிசைகளில் மட்டுமே இடமென்றால், அந்த இரண்டு நெடுவரிசைகளிலும் மற்ற எந்தக் கட்டத்திலும் 4 வராது.

ஊகித்து எழுதலாமா? இரண்டு எண்ணுக்கு வாய்ப்புள்ள கட்டத்தில் ஒன்றைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். தவறான ஊகம் உடனே இடிக்காது. பத்துப் பதினைந்து கட்டங்கள் சரியாக ஓடிப் பிறகுதான் ஒரே வரிசையில் இரண்டு 6 வந்து நிற்கும். அப்போது எங்கிருந்து திரும்புவது? ஊகம் சரியாகவே அமைந்தாலும் எந்த வழி தெரியாமல் நின்றோமோ அது தெரியாமலே போகிறது. ஆகவே, நின்ற இடத்தில் நோட்டில் ஒரு கோடு போட்டு மூடிவைத்துவிட்டு, மறுநாள் திறப்பது மேல். பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடத்தில் கண்ணில் படும்.

இப்படி ஒரே எண் இரண்டு முறை வந்துவிட்டால் அங்கே சுற்றிப் பார்த்துத் திருத்த முயல்வது வீண் வேலை. பிழை அதற்கு வெகு முன்னால் நடந்திருக்கும். பென்சிலில் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பேனா எண்களிலிருந்து தொடங்குவதுதான் விரைவு.

நினைவாற்றல் பற்றி

எண் புதிர் மறதியைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. 2019-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் வெளியிட்ட ஆய்வில், 50 வயதைக் கடந்த 19,000-க்கும் மேற்பட்டவர்களில் எண் புதிர்களை அடிக்கடி செய்பவர்கள் கவனம், தர்க்கம், நினைவுச் சோதனைகளில் மேலாக இருந்தார்கள். ஆனால் கூர்மையாக இருப்பவர்களே புதிரைத் தேடிப் போகிறார்களா என்ற கேள்விக்கு இத்தகைய ஆய்வு பதில் தராது. ஸ்காட்லாந்தில் 1936-இல் பிறந்த 498 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவு: மூளைக்கு வேலை கொடுப்பவர்கள் உயர்ந்த இடத்திலிருந்து தொடங்குகிறார்கள், வயதால் வரும் சரிவின் வேகம் குறைவதாகத் தெரியவில்லை. மருந்தாக நினைத்துப் போட வேண்டாம். கையில் வரும் பழக்கம் மட்டும் உறுதி.

ககுரோ: கூட்டல் இங்கேதான்

குறுக்கெழுத்துப் போன்ற அமைப்பு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும், அதாவது குறுக்கே அல்லது நெடுக்கே தொடர்ந்து வரும் கட்டங்களுக்கு, ஒரு கூட்டுத்தொகை தரப்பட்டிருக்கும். 1 முதல் 9 வரை, ஒரே ஓட்டத்தில் எண் திரும்ப வரக்கூடாது. ஒரே வழியில் மட்டும் பிரியும் தொகைகளை மனப்பாடம் செய்யாமல் இறங்கினால் தலை சுற்றும். இரண்டு கட்டத்தில் 3, 4, 16, 17. மூன்று கட்டத்தில் 6, 7, 23, 24. நான்கு கட்டத்தில் 10, 11, 29, 30. உதாரணமாக 23 என்றால் 6, 8, 9 மட்டும். 11 நான்கு கட்டத்தில் என்றால் 1, 2, 3, 5 மட்டும்.

தொடங்கும் இடம் இத்தகைய இரண்டு தொகைகள் வெட்டிக்கொள்ளும் கட்டம். குறுக்கே இரண்டு கட்டத்தில் 16 (7, 9), நெடுக்கே இரண்டு கட்டத்தில் 17 (8, 9) என்றால் வெட்டும் இடத்தில் 9தான். அடுத்து 7-உம் 8-உம் தாமாக விழும்.

நீண்ட ஓட்டங்களைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அவைதான் எளிது. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எட்டுக் கட்டத்தில் 38 என்றால் விடுபட்டது 7. ஏழு கட்டத்தில் 42 என்றால் விடுபட்ட இரண்டின் கூட்டுத்தொகை 3, அதாவது 1-உம் 2-உம் இல்லை. இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றே: 10-ஐ இரண்டாகப் பிரிக்கும்போது 5, 5 என்று எழுதிவிடுவது. அவசரத்தில் கை அதைத்தான் எழுதும். கொஞ்ச நாளில் 45-இலிருந்து கழிப்பது வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கும். மளிகைச் சீட்டுக் கூட்டும்போதும் இது உதவுகிறது.

மாயச் சதுரம்: நாமே செய்வது

இராமானுசனின் இரண்டாம் நோட்டுப்புத்தகத்தில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்கள்தாம். அவர் பிறந்த நாளான 22-12-1887-ஐ முதல் வரிசையில் வைத்து 139 வரும் 4×4 சதுரம் ஒன்று பரவலாகச் சுற்றுகிறது. அதன் உள்ளமைப்பு தெரிந்தால் எந்தத் தேதிக்கும் செய்யலாம். நாள் அ, மாதம் ஆ, ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள் இ, கடைசி இரண்டு இலக்கங்கள் ஈ:

அ, ஆ, இ, ஈ
ஈ+1, இ−1, ஆ−3, அ+3
ஆ−2, அ+2, ஈ+2, இ−2
இ+1, ஈ−1, அ+1, ஆ−1

எந்த வரிசையைக் கூட்டினாலும் கூட்டியவையும் கழித்தவையும் அடிபட்டு அ+ஆ+இ+ஈ மிஞ்சும். மூலைவிட்டங்களும் அப்படியே. காந்தி பிறந்த 2-10-1869-க்குப் போட்டால் 99 வரும், பதினாறும் வெவ்வேறு எண்கள்.

15-8-1947-க்குப் போட்டால்? கூட்டுத்தொகை 89 சரியாக வரும், ஆனால் 17-உம் 18-உம் இரண்டு முறை வந்துவிடும். காரணம், அ 15 முதல் 18 வரை பரவுகிறது, இ 17 முதல் 20 வரை. ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. முதல் வரிசையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் + இருக்கும் இடத்தில் −, − இருக்கும் இடத்தில் + என்று மாற்றிப் போட வேண்டும்:

15, 8, 19, 47
46, 20, 11, 12
10, 13, 45, 21
18, 48, 14, 9

இப்போது எதுவும் திரும்பவில்லை. 26-1-1950-க்கும் இதே மருந்துதான். மூல அமைப்பில் ஆ−3 என்பது −2 ஆகிவிடும், மாற்றினால் 4. இலங்கை விடுதலை பெற்ற 4-2-1948 மட்டும் இரண்டுக்கும் மசியாது. நாளும் மாதமும் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு சிறியதாக இருப்பதால் மாற்றிய அமைப்பில் 2, 3, 4 மூன்றும் திரும்ப வரும். மூல அமைப்பில் எண்கள் திரும்பாது, ஆனால் 0-உம் −1-உம் உள்ளே வரும். அவற்றை ஏற்றுக்கொண்டால் 73 எல்லாப் பக்கமும் பிசகாமல் நிற்கும்.