கருப்பட்டி சாப்பிட மாட்டேங்குறான்

எங்க பூனை பேரு கருப்பட்டி. கலர பாத்து வெச்ச பேரு, ஆனா போன வருஷம் அவனுக்கு சுகர்னு தெரிஞ்சதுலேருந்து வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் "மொதல்ல பேர மாத்துங்க"ன்னு ஒரு ஜோக்கு அடிச்சிட்டுதான் காபி குடிக்கிறாங்க. இத்தனைக்கும் பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது. வயசு பத்து, வெயிட்டு அஞ்சே கால் கிலோ, நாள் முழுக்க தூக்கம், அதுதான் வெனை. ஃப்ரிட்ஜ் கதவுல அம்மாவோட இன்சுலின் ஒரு பக்கம், இவனோடது ஒரு பக்கம். காலைல 7, ராத்திரி 7, ரெண்டு ரெண்டு யூனிட்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல ஊசிய போட்டுட்டு கிண்ணத்த வெச்சேன். மோந்து பாத்தான், உதட்ட ரெண்டு தடவ நக்கினான், அப்புறம் கிண்ணத்துக்கு முன்னாடி தரைய பர பரன்னு சுரண்டுறான், கக்கா போயிட்டு மண்ணு தள்ளுவான்ல அதே மாதிரி. எனக்கு சிரிப்பு வந்துச்சு, திமிர பாருன்னு வீடியோ கூட எடுத்தேன். அம்மாதான் "ஏன்டி, சாப்பிடாத உசுருக்கு ஊசி போட்டிருக்க, எனக்கு இப்படி பண்ணுவியா"ன்னாங்க.

ஒம்போதரைக்கு எந்திரிச்சு நடக்குறான், பின்னங்கால் தள்ளாடுது. காது ஓரத்துல குத்தி மெஷின்ல சுகர் பாத்தா 58, ரொம்ப கம்மி. கை நடுங்குது எனக்கு. தேன விரல்ல தொட்டு ஈறுல தேச்சுகிட்டே டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ குத்தி குத்தி பாத்து நூத்த தாண்டினப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அவங்க திட்டினது ஒண்ணே ஒண்ணுக்குதான், சாப்பிட்டத கண்ணால பாத்துட்டு ஊசிய எடுக்கணும், நான் ஒரு வருஷமா தலகீழா பண்ணிட்டு இருந்திருக்கேன்.

சரி அப்போ சாப்பிடுற வரைக்கும் ஊசியே வேணாம்னு நானா முடிவு பண்ணா அதுவும் தப்பாம். இன்சுலின் இல்லாம, சோறும் இல்லாம கெடந்தா ஒடம்பு கொழுப்ப கரைக்கும், அதுலேருந்து வர்ற கீட்டோன்னு ஒரு அமிலம் ரத்தத்துல ஏறிடும், அது உசுருக்கே ஆபத்து. அதனால ஒவ்வொரு வேளையும் சுகர் எவ்ளோ, எவ்ளோ சாப்பிட்டான்னு போன்ல சொல்லி, அவங்க சொன்ன அளவு மட்டும், பாதி டோஸோ அதுக்கும் கம்மியோ. குண்டு பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஒடம்பு கொழுப்பெல்லாம் ஈரல்ல போய் அடைச்சுக்குமாம், அதனால நாளைக்கு சாப்பிடுவான்னு காத்திருக்கிற கதையே பூனைகிட்ட ஆகாது.

இதெல்லாம் கேட்டதும் பயத்துல நான் பண்ண முட்டாள்தனம், சிக்கன அரைச்சு சிரிஞ்சுல ஏத்தி வாய தொறந்து ஊத்தினேன். பாதி என் நைட்டில. அதுலேருந்து சிரிஞ்ச பாத்தாலே கட்டிலுக்கு அடில போயிடுறான், கிண்ணத்த பாத்தாலும்! ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு போனோம், ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துட்டு கணையத்துல வீக்கம்னாங்க, சுகர் பூனைங்களுக்கு இது அடிக்கடி வருமாம். பசி இல்லாம இல்ல, கொமட்டல். உதட்ட நக்கினது, தரைய சுரண்டினது எல்லாம் அதுதான். கொமட்டுற வாயில போய் நான் ஊத்தியிருக்கேன்...

வாந்திக்கு ஊசி, தோலுக்கு அடில சலைன், பசிக்கு மிர்டாசபின் மாத்திரைல ஒரு பொடித்துண்டு. மனுஷங்க டிப்ரெஷனுக்கு போடுற மாத்திரை அது, அளவு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா ஒடைச்சு குடுத்துடாதீங்க. அத போட்ட அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு ஹால்ல நின்னுகிட்டு ஒரே கத்தல். மேல் வீட்டு அக்கா காலைல "குட்டி போட்டுருக்கா?"ன்னு கேக்குறாங்க. ஆம்பளப் பூனைக்கா.

சாப்பாட்டுல என்ன எடுபட்டுச்சுன்னா, பழைய கிண்ணத்த தூக்கி போட்டுட்டு பால்கனி பக்கம் ஒரு சாதா சாஸர். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் இல்லாம வேக வெச்ச சிக்கன் தண்ணிய கை சூட்டுக்கு கொண்டு வந்து ஊத்துனா வாசனை தூக்குது, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அப்படியே வெச்சா திரும்பிக்கூட பாக்கல. பத்து நிமிஷம் வெச்சுட்டு எடுத்துடணும், எதிர்லயே உக்காந்து மொகத்த பாத்துட்டு இருக்கக் கூடாது. கார்போ கீர்போ அதெல்லாம் அப்புறம், இப்போ எத தொட்டாலும் சரின்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.

செவ்வாக்கிழமை அம்மா நெத்திலி ஆஞ்சுகிட்டு இருந்தாங்க. இவன் வந்து பக்கத்துல உக்காந்தான். ஒண்ண சும்மா வெந்நீர்ல போட்டு எடுத்து தரைல வெச்சாங்க, நான் சமையக்கட்டு வாசல்லயே நின்னுட்டேன், உள்ள போகல. தலைய விட்டுட்டு மிச்சத்த தின்னான். அப்புறம் இன்னொண்ணு. நாலாவதுக்கு அம்மா கையிலயே வாய வெச்சுட்டான்.

இப்போ நாலு கிலோ எழுநூறு. நோட்டுல எழுதுறேன் தினமும், இன்னிக்கு காலைல 41 கிராம், தலை மட்டும் மிச்சம்.