வால்வு செட்டும் மச்சானின் மல்டிமீட்டரும்

நேற்று ராத்திரி ரங்கூனில் கரண்ட் இருந்த இரண்டு மணி நேரமும் மச்சானோடு வாக்குவாதம்தான். அவனுடைய புது ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலி திரிவது, 0.001 சதவீதமாம். என்னுடைய பழைய வால்வு செட்டில், அதாவது கண்ணாடிக் குழாய்கள் ஒளிரும் பழைய ரக ஆம்ப்ளிஃபயரில், 1 சதவீதம். "காகிதத்தை விடுடா, நாதஸ்வரத்தைக் கேள், என் செட்டில்தான் இனிமை" என்றேன்.

பயல் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துவிட்டான். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் வைத்தால் அவனுடையது 2 வோல்ட், என்னுடையது 2.24. சத்த அளவில் கிட்டத்தட்ட 1 டெசிபல் கூடுதல். இவ்வளவு சின்ன வித்தியாசம் பெரும்பாலும் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, 'இனிமை' என்றே தோன்றும்.

சரி, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டு, எது ஓடுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டுச் சொன்னேன். பத்தில் ஆறுதான் சரி. காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். "அப்போ செட்டை விற்கிறியா மச்சான்?" என்கிறான்.

அதெல்லாம் முடியாது. அந்த வால்வு வெளிச்சத்தை எந்த மீட்டரில் அளப்பானாம்?