நோர்வேக்கு வந்த டிஜிட்டல் அரசு மதிப்பாய்வு: மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து

ஒரு நாட்டின் டிஜிட்டல் அரசை வேறு நாட்டு அதிகாரிகள் வந்து ஆராய்வது என்றதும் பலர் அதைப் பரீட்சையாகவே நினைக்கிறார்கள். அதில் புள்ளியும் இல்லை, தரவரிசையும் இல்லை. நோர்வே பற்றி, பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நாடுகளின் அமைப்பான ஓஈசிடி (OECD) 2017இல் வெளியிட்ட அறிக்கைக்காகப் பதில் எழுதி, நேர்காணலிலும் இருந்தவன் நான். ஒஸ்லோவில் அரச நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன்.

பாரிஸில் இருக்கும் ஓஈசிடி, டிஜிட்டல் அரசுக்கான 12 பரிந்துரைகளை 2014 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. மதிப்பாய்வுக்கு அதுதான் அளவுகோல். அவர்கள் தாங்களாக வருவதில்லை, நாடுதான் அழைக்க வேண்டும். நோர்வே 2005இலேயே ஒரு மின்னரசு ஆய்வுக்குத் தன்னை உட்படுத்திய நாடு, ஆகவே அழைப்பில் வியப்பு இல்லை.

முதலில் வந்தது நீண்ட கேள்விக்கொத்து. ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்றுதான் அலுவலகத்தில் பேச்சு. ஆனால் கேள்விகள் இணையத்தளத்தைப் பற்றியவை அல்ல. தகவல் தொழில்நுட்பத்துக்கான பெரிய முதலீட்டை யார் அங்கீகரிக்கிறார்? செலவும் பயனும் கணக்கிட்டுக் காட்டுவது கட்டாயமா? எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகக் கட்டிய முறைமையை ஒரு நிறுவனம் பாவிக்க மறுத்தால் என்ன நடக்கும்? நோர்வேயில் ஒவ்வொரு அமைச்சும் தன் துறைக்குத் தானே பொறுப்பு. அப்போது 420க்கும் மேற்பட்ட கொம்யூன்கள், அதாவது உள்ளூராட்சிகள் வேறு, தங்கள் தங்கள் முறைமைகளோடு. உள்நுழைய ஐடி-போர்ட்டன், வணிகங்களின் படிவங்களுக்கு 2003 முதல் ஆல்தின் என்று நல்ல பொதுக் கட்டுமானங்கள் இருந்தன. ஆனால் மறுப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் சட்டப் பிரிவு ஒன்று சொன்னது, தொழில்நுட்பப் பிரிவு வேறொன்று சொன்னது. ஒரே கட்டடத்தில் பல வருடம் வேலை செய்தவர்கள் இதை அதுவரை ஒன்றாக இருந்து கதைத்ததே இல்லை. இரண்டு பதிலையும் அப்படியே எழுதி அனுப்பினோம். அது சரியான முடிவு என்று இன்றும் நம்புகிறேன்.

பிறகு நேர்காணல்கள். ஓஈசிடி ஊழியர்களோடு வேறு நாடுகளில் எங்களைப் போலவே வேலை செய்யும் அதிகாரிகளும் வந்தார்கள். இந்த மதிப்பாய்வின் பலம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வருபவருக்கு நாங்கள் படக்காட்சி காட்டி அனுப்பிவிடலாம். வருடாந்த வரவுசெலவுக்குள் மூன்று வருடத் திட்டத்தை நடத்திப் பார்த்தவருக்கு அது செல்லாது. அவர்களில் ஒருவர், "எங்கள் நாட்டிலும் இணக்கம் வரும்வரை காத்திருந்து வருடங்கள் போயின. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அறையில் இருந்தவர்கள் மனம் திறந்தார்கள். சக நிறுவனங்களின் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியதை வெளியாரிடம் சொன்னார்கள். தரவு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராத கதை, ஒரே சேவையை இரண்டு இடத்தில் கட்டிய கதை எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தலைமைப் பொறுப்பில் உள்ளவர்கள். மக்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்பவர் ஒருவராவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

வரைவு அறிக்கை வந்தபோதுதான் உண்மையான சோதனை. தகவல் பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம், கணிப்பை மாற்றச் சொல்லக்கூடாது. இந்த விதி எழுத்தில் எளிதாக இருக்கிறது. கசக்கும் ஒரு வசனத்தை "தகவல் பிழை" என்ற பெயரில் மென்மையாக்கலாமே என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஆதாரம் காட்ட முடியாத திருத்தம் எதையும் அனுப்புவதில்லை என்று கடைசியில் முடிவெடுத்தோம். இப்படியான மதிப்பாய்வு ஒன்று பயனற்றுப் போவதென்றால் இந்தக் கட்டத்தில்தான் போகும் என்பது என் எண்ணம்.

அறிக்கை எங்கள் இணக்கப் பண்பாட்டை மதித்தது. ஆனால் துறைகளை ஒன்றிணைக்கும் மையத்துக்கு வலு போதாது என்றது, தரவை அரசு முழுவதற்குமான சொத்தாகப் பார்க்கச் சொன்னது. 2019 ஜனவரியில் டிஜிட்டல்மயமாக்கலுக்கென முதன்முறையாக ஓர் அமைச்சர் வந்தார். 2020 ஜனவரி 1இல் பொது நிர்வாகத்துக்கும் மின்னரசுக்குமான நிறுவனமான டிஃபியும் ஆல்தினும் இணைந்து டிஜிட்டல்மயமாக்கல் இயக்ககம் உருவானது. எல்லாவற்றையும் அந்த அறிக்கையின் கணக்கில் எழுத மாட்டேன், உள்ளேயும் பலர் இதற்காகப் பல வருடம் வாதாடினார்கள். வெளியார் எழுதிய ஒரு பக்கம் அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

அரசும் கொம்யூன்களின் கூட்டமைப்பும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட உத்தி, சேவைகளை ஏழு வாழ்க்கை நிகழ்வுகளைச் சுற்றிக் கட்டச் சொன்னது. பிள்ளை பிறத்தல், வேலை இழத்தல், இறப்பும் வாரிசுரிமையும் என்று போகும் அந்தப் பட்டியலில் "நோர்வேக்குப் புதியவர்" என்பதும் ஒன்று. எண்பதுகளில் இங்கு வந்த எங்கள் ஆட்கள் ஒரே விபரத்தைப் பொலிஸ், வரி அலுவலகம், கொம்யூன் என்று ஒவ்வோரிடத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள். அடுத்த மதிப்பாய்வுக் குழு வந்தால், அந்த ஒன்றைப் பற்றி முதலில் கேட்கச் சொல்வேன்.