எதிரொலிக்கிற மண்டபத்துக்கு 8 ஸ்பீக்கர் வச்ச ஒல்லி காலம் (column, தூண் மாதிரி) பாக்ஸ்: செஞ்சு பாத்த அனுபவம்

எங்க ஊரு பொது மண்டபத்துல யாரு மைக் புடிச்சு பேசுனாலும் அஞ்சாவது வரிசைக்கு அப்புறம் சத்தம் கேக்கும், பேச்சு புரியாது. தரை பூரா வழவழ டைல்ஸ், சுவரு சிமெண்ட் பூச்சு மேல பெயிண்ட், மேல கான்கிரீட், ஜன்னல் எல்லாம் கண்ணாடி, உக்கார்றது பிளாஸ்டிக் சேர். மேடை ஸ்கிரீன் துணிய விட்டா சத்தத்த உறிஞ்சுற பொருள்னு அந்த ஹால்ல ஒண்ணுமே கிடையாது. சாயந்திர சொற்பொழிவுக்கு வர்றவங்க பாதி பேரு அறுபது தாண்டுனவங்க, வயசான காதுக்கு எதிரொலிக்கு நடுவுல பேச்ச பிரிச்சு எடுக்குறது ரொம்ப கஷ்டம். பின்னாடி கேக்கலன்னு யாராவது கை தூக்குனா மைக் செட் அண்ணன் வால்யூம ஏத்துவாரு, வால்யூம ஏத்துனா எதிரொலியும் அதே அளவு ஏறும், கொஞ்ச நேரத்துல மைக் கீய்ங்னு கத்த ஆரம்பிச்சிடும், மறுபடி குறைப்பாரு. இது வருஷக்கணக்கா நடக்குது.

ஸ்பீக்கர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஹால அளந்துக்கணும்னு நெனச்சேன். நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5.5. ரூம் ஈக்யூ விசர்ட்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, ஒரு மெஷர்மெண்ட் மைக்க லேப்டாப்ல சொருகி ஸ்வீப் சவுண்ட் (அடி ஸ்வரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் ஏறுற சத்தம்) ஓட்டுனா சத்தம் 60 டெசிபல் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அதுவே சொல்லிடும். காலி ஹால்ல நடு ஃப்ரீக்வென்சில சுமார் 3 செகண்ட் வந்துச்சு. பேச்சுக்கு இது ரொம்ப அதிகம், 1 செகண்ட் பக்கத்துல இருந்தா நல்லது.

இந்த அளவ மொதல்ல கண்டுபுடிச்ச ஆளு வாலஸ் சபைன், ஹார்வர்டு பேராசிரியர். அங்க ஃபாக் மியூசியத்துல ஒரு லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியலன்னு 1895ல அவருகிட்ட குடுத்தாங்க, காலியா இருக்கும்போது அஞ்சரை செகண்ட் முழங்குமாம் அந்த ஹால். அவரு ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர்லேர்ந்து சீட் குஷன்கள தூக்கிட்டு வந்து அடுக்கி, ஆர்கன் பைப்ப ஊதி, ஸ்டாப் வாட்ச்ல அளந்து ஒரு ஃபார்முலா போட்டாரு. ஹாலோட கன அளவ 0.161ஆல பெருக்கி, உறிஞ்சுற பரப்பால வகுத்தா நேரம் வந்துடும். அந்த உறிஞ்சுற பரப்புக்கு அவரு புடிச்ச அளவுகோல் திறந்த ஜன்னல், ஏன்னா ஜன்னலுக்கு வெளிய போன சத்தம் திரும்பி வராது. எங்க ஹால் 1320 கன மீட்டர், 3 செகண்ட், அப்படின்னா மொத்த ஹாலும் சேந்து வெறும் 71 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு தான் சத்தத்த உறிஞ்சுது.

ஒரு ஆளு உக்காந்தா தோராயமா அரை சதுர மீட்டருக்கு கொஞ்சம் கம்மியா உறிஞ்சுவாங்க. 200 பேரு நெறஞ்சா 90 சதுர மீட்டர் கூடுது, முழக்கம் 1.3 செகண்டுக்கு வந்துடுது. அதான் கல்யாணம் காட்சின்னா அதே மைக் செட் நல்லா கேக்குது, 40 பேரு வர்ற சொற்பொழிவுக்கு 2.4 செகண்ட்லயே நிக்குது. இந்த கணக்க கமிட்டில காட்டி சீலிங்குக்கு அக்கூஸ்டிக் போர்டு அடிக்கலாம்னு தான் மொதல்ல கேட்டேன், உண்மையான வைத்தியம் அது தான், இப்பவும் அத தான் சொல்லுவேன். ஆனா அதுக்கு இப்ப பணம் இல்ல. சரி, சத்தத்த ஆளுங்க மேல மட்டும் விழ வைக்க முடியுமான்னு ஸ்பீக்கர் பக்கம் வந்தேன்.

மேடைக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற 12 இஞ்சு பாக்ஸ் சத்தத்த மேலயும் கீழயும் நெறைய கொட்டுது. சீலிங்ல அடிச்சு, தரைல அடிச்சு, ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்து மேல போய் விழுது. ஆ, ஓ, ஊன்னு நீளுற உயிர் சத்தத்துக்கு பலம் ஜாஸ்தி, க, ட, ப, ச எல்லாம் சன்னமானது, குறுகுனது, அது உள்ளயே அமுங்கிடும். ஸ்பீக்கர்லேர்ந்து நேரா வர்ற சத்தமும் ஹால் முழக்கமும் சமமா இருக்குற தூரம்னு ஒண்ணு இருக்கு. நாலாபக்கமும் பரவுற ஸ்பீக்கரா இருந்தா எங்க ஹால்ல அது 1.2 மீட்டர் தான். அதையே 10 மடங்கு குவிச்சு அனுப்புனா 3.8 மீட்டர். கடைசி வரிசை 17 மீட்டர்ல இருக்கு, அங்க முழக்கம் தான் ஜெயிக்கும், ஆனா எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிக்குதுங்குறத குறைச்சாலே பேச்சு புரிய ஆரம்பிச்சிடும்.

குவிக்கிறதுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு, சின்ன ஸ்பீக்கர்கள ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கி அடுக்குறது. நேரா முன்னாடி நிக்கிறவருக்கு எல்லாத்தோட சத்தமும் ஒரே நேரத்துல வந்து கூடும், மேலயோ கீழயோ போனா ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் முன்ன பின்ன வந்து ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். ஹோஸ் வாய விரலால அமுக்குனா தண்ணி விசிறி மாதிரி அகலமா, தகடா பாயும்ல, அப்படி. லண்டன் செயின்ட் பால் கதீட்ரல்ல 1950களோட ஆரம்பத்துலயே பார்கின், டெய்லர்னு ரெண்டு பேரு நீள காலம் ஸ்பீக்கர் வச்சு, தூரத்துல இருக்குற ஸ்பீக்கருக்கு காந்தப் பதிவு மெஷின்ல தாமதம் குடுத்து, அந்த பிரம்மாண்டமான கல் கட்டடத்துல பேச்ச புரிய வச்சிருக்காங்க. அத படிச்சப்புறம் தான் எனக்கு தைரியமே வந்துச்சு. அவங்க கட்டடத்துக்கு முன்னாடி எங்க மண்டபம் ஒண்ணுமே இல்ல.

ரிச்சி ஸ்ட்ரீட்ல 3 இஞ்சு ஃபுல் ரேஞ்ச் டிரைவர் (பெட்டி இல்லாத சின்ன ஸ்பீக்கர்), 8 ஓம்ஸ், ஒரே லாட்ல பாத்து எடுத்தேன். ஒரு பாக்ஸுக்கு 8. நடுவுக்கு நடு 85 மில்லிமீட்டர், ஆக மொத்த வரிசை 68 சென்டிமீட்டர். இந்த நீளம் தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. 68 செ.மீ.ங்குறது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலை நீளம், அதுக்கு கீழ இந்த பாக்ஸ் பெருசா திசை காட்டாது. 1000 ஹெர்ட்ஸ்ல மேல கீழ பரவல் சுமார் 35 டிகிரி, 2000ல 17, 4000ல 9 டிகிரிக்கு கீழ போயிடும். அது ரொம்ப குறுகல், ஒரு ஆளு எந்திரிச்சு நின்னா ஒரு சத்தம், உக்காந்தா ஒரு சத்தம்னு ஆயிடும். அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு: நடு 4 டிரைவர் தனி வயரிங், ஓரத்து 4 தனி. ரெண்டு ரெண்டா சீரிஸ், அந்த ரெண்டு ஜோடிய பேரலல், ஒவ்வொரு கூட்டமும் 8 ஓம்ஸாவே நிக்கும். ஓரத்து கூட்டத்துக்கு முன்னாடி 0.8 மில்லிஹென்றி காயில் ஒண்ணு சீரிஸ்ல, 1600 ஹெர்ட்ஸுக்கு மேல அது மெல்ல ஒதுங்கிக்கும். மேல் ஃப்ரீக்வென்சில பாக்ஸோட நீளம் பாதியா ஆன மாதிரி, 4000லயும் 17 டிகிரி பக்கத்துல நிக்குது.

பெட்டிய 12 மில்லிமீட்டர் பிளைவுட்ல தெரு ஆசாரி அண்ணன் செஞ்சு குடுத்தாரு, உள்ள 9 செ.மீ. அகலம், 16 ஆழம், 70 உயரம், கிட்டத்தட்ட 10 லிட்டர், முழுசா மூடுன பெட்டி. ஓட்டை எல்லாம் ஹோல் சா வச்சு போட்டோம், மூலைல காத்து கசியாம இருக்க ஃபெவிகால் போக எம்-சீல் வச்சு இழுத்தேன், உள்ள தலகாணிக்கு வைக்கிற ஃபைபர் பஞ்சு தளர்வா. வயர் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிரைவரையும் பென் டார்ச் பேட்டரில தொட்டு பாத்தேன், பிளஸ்ஸ பிளஸ்ல தொட்டா கோன் வெளிய தள்ளணும். அதுல ஒண்ணு உள்ள இழுத்துச்சு, ஃபேக்டரிலயே சிவப்பு புள்ளி தப்பான பக்கம் வச்சிருக்காங்க. அத அப்படியே மாட்டியிருந்தா ஒரே ஒரு டிரைவர் மொத்த குவிப்பையும் கெடுத்திருக்கும். அதனால இந்த பேட்டரி டெஸ்ட யாரும் விட்டுடாதீங்க.

ஆம்ப்ளிஃபையர் டிபிஏ3116 சிப் போர்டு, லேப்டாப்போட 19 வோல்ட் அடாப்டர்ல ஓடுது. 8 ஓம்ஸுக்கு ஒரு சேனல் 22 வாட் தான் வரும், டிரைவருக்கு 5, 6 வாட். கேக்க கம்மியா தெரியும், பேச்சுக்கு அது தாராளம்.

மொத பரீட்சை ஏணில. பாக்ஸ நிக்க வச்சு பிங்க் நாய்ஸ் (எல்லா ஃப்ரீக்வென்சியும் கலந்த இரைச்சல்) ஓட்டிட்டு, நாலு மீட்டர் தள்ளி ஏணிய போட்டு ஒவ்வொரு படியா ஏறுனேன். காது பாக்ஸ் நடுவுக்கு நேரா இருக்கும்போது ஷ்ஷ்ஷ்னு முழுசா இருக்கு, ரெண்டு படி மேல போனா மேல் சத்தம் மங்குது, இன்னும் ரெண்டு படி, யாரோ கதவ சாத்துன மாதிரி தூரமா போயிடுச்சு. கீழ இறங்குனா மறுபடி தெறந்துக்குது. கணக்குல பாத்தத காதுல கேட்டப்ப வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. ஆனா ஏணிய பாக்ஸ் பக்கத்துல கொண்டு போய் சீலிங் கிட்ட காத வச்சா சன்னமா ஸ்ஸ்னு ஒரு சத்தம் மேல ஏறுது. 4000 ஹெர்ட்ஸ்ல அலை நீளமும் 85 மில்லிமீட்டர், டிரைவர் இடைவெளியும் 85, அங்கேர்ந்து நேரா மேலயும் கீழயும் சத்தத்துக்கு ஒரு கிளை மொளைக்கும். 2 இஞ்சு டிரைவர் போட்டா இடைவெளி குறைஞ்சு அது இன்னும் மேல் ஃப்ரீக்வென்சிக்கு தள்ளிப் போகும், ஆனா குட்டி டிரைவருக்கு 300, 400 ஹெர்ட்ஸ்ல மூச்சு பத்தாது. நான் 3 இஞ்சுலயே நின்னுட்டேன், அந்த கிளைல பலம் கம்மி தான்.

மண்டபத்துல மேடைக்கு ரெண்டு பக்கமும் தூண்ல மாட்டுனோம், பாக்ஸ் நடு 2.5 மீட்டர் உயரத்துல. உக்காந்தவங்க காது 1.2 மீட்டர், 12 மீட்டர் தள்ளி இருக்குறவர குறி வச்சா 6 டிகிரி கீழ சாயணும். பிராக்கெட்டுக்கு பின்னாடி மேல் பக்கம் மட்டும் மரத்துண்டு குடுத்து சாய்ச்சேன், போன்ல லெவல் ஆப் வச்சு பாத்துக்கிட்டேன். நெறைய இடத்துல காலம் பாக்ஸ இடம் இல்லன்னு மேடை நெத்தில படுக்க வச்சிடுறாங்க, பாத்தாலே மனசு கஷ்டமா இருக்கும். படுக்க வச்சா விசிறி அப்படியே திரும்பிடும், சீலிங்கும் தரையும் முழுசா வாங்கும், ஓரத்துல உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் போகாது.

அடுத்தது பேஸ். 200 ஹெர்ட்ஸுக்கு கீழ மிக்சர்ல வெட்டிட்டேன். அந்த பக்கம் இந்த பாக்ஸ் குவிக்காது, ஹால நெரப்ப மட்டும் தான் செய்யும். மைக் செட் அண்ணன் பாத்துட்டு, "தம்பி, கொரலு மெலிசா போச்சேப்பா, பேஸே காணோமே"ன்னாரு. "அண்ணே, கடைசி வரிசைல போய் உக்காந்து கேளுங்க, அப்புறமும் வேணும்னா ஏத்திடலாம்"னேன். போனாரு, உக்காந்தாரு, ஏத்த சொல்லல. ஆம்பள கொரலோட அடி ஸ்வரம் 100, 120 ஹெர்ட்ஸ்ல இருந்தாலும் அதோட மேல் மடங்குகள வச்சு காது அந்த ஸ்வரத்த தானே புடிச்சுக்கும், அதனால ஆளு கொரலு மாறிட்டதா யாருக்கும் தோணாது.

புரியுதா இல்லையான்னு தெரிய மெஷின் மட்டும் பத்தாதுன்னு தெரு பசங்கள கூப்ட்டு பின் வரிசைல பேப்பர் பேனாவோட உக்கார வச்சேன். மேடைல எங்க அத்த, ரிட்டயர்டு டீச்சர், "இப்போ எழுதுங்க"ன்னு சொல்லி ஒவ்வொரு வார்த்தையா படிச்சாங்க: பட்டம், கட்டம், சட்டம், வட்டம், மட்டம். அப்புறம் கடை, கதை, கரை, கறை. மொத எழுத்தோ ரெண்டாவது எழுத்தோ மட்டும் மாறுற வார்த்தைங்கறதால ஊகிச்சு எழுத முடியாது. பழைய பாக்ஸ்ல படிச்சப்ப பேப்பர் பூரா குழப்பம், சட்டமும் பட்டமும் எடம் மாறி கெடந்துச்சு, பாதி பேரு எல்லாத்துக்கும் வட்டம்னே எழுதி வச்சிருந்தாங்க. புது பாக்ஸ்ல பெரும்பாலும் சரியா வந்துச்சு, கரை கறை மட்டும் அடிச்சுக்குச்சு, அது நேர்ல பேசுனாலே நம்ம பேச்சுல ஒண்ணா தான் கேக்கும். பேச்சு தெளிவுக்கு எஸ்டிஐன்னு 0லேர்ந்து 1 வரை ஒரு அளவு இருக்கு, 0.5 தாண்டுனா அறிவிப்புக்கு பரவாயில்லன்னு சொல்லுவாங்க. கடைசி வரிசைல 0.4 பக்கத்துல இருந்தது 0.5 தாண்டிடுச்சு.

இன்னொரு ஜோடிய ஹால் நடுவுல, மேடை பாக்ஸ்லேர்ந்து 9 மீட்டர் தள்ளி, தற்காலிகமா ஸ்டாண்டுல வச்சு பாத்தேன். நேரா வயர் குடுத்தா பேச்சு மேடைலேர்ந்து வராம பக்கத்து ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கும், முன்னாடி பாக்ஸ் சத்தம் அங்க வந்து சேர 26 மில்லிசெகண்ட் ஆகுதே. ஹெல்முட் ஹாஸ் 1949ல ஆராய்ஞ்சு சொன்னது, மொதல்ல எந்த பக்கத்துலேர்ந்து வருதோ சத்தம் அங்கேர்ந்து வர்றதா தான் காது எடுத்துக்கும், சில பத்து மில்லிசெகண்டுக்குள்ள பின்னாடியே வர்றது கொஞ்சம் பலமா இருந்தா கூட. அதனால 26 கூட 10 சேத்து 36 குடுத்தேன். இதுக்கு வச்ச ஏடிஏயூ1701ங்குற டிஜிட்டல் ஆடியோ சிப் போர்டுல 42 மில்லிசெகண்ட் வரைக்கும் தான் தாமதம் குடுக்க முடியும், அதுக்குள்ள அடங்கிடுச்சு. பக்கத்து ஸ்பீக்கர்லேர்ந்து தெளிவு வருது, ஆனா பேசுறவரு மேடைலயே நிக்கிறாரு. இதுல தான் கடைசி ரெண்டு வரிசை நல்லா மாறுச்சு.

பக்கவாட்டு சுவத்துக்கு இந்த பாக்ஸ் ஒண்ணும் பண்ணாது, அகல வாக்குல அது பரவ தான் செய்யும். பாக்ஸ உள்பக்கமா திருப்பி வச்சு ஓரளவு சமாளிச்சிருக்கேன். பின்பக்கம் தூண்ல பட்டு திரும்புறதும் இருக்கு, பெட்டி பக்கவாட்டுல ஸ்லாட் வெட்டி ஃபோம் வச்சு பின் சத்தத்த அடக்குற முறை ஒண்ணு உண்டு, அடுத்த பெட்டில அத செஞ்சு பாக்கணும். நடு ஜோடிக்கு பைப் பதிச்சு வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் அண்ணன் ஆடி முடிஞ்சு வர்றேன்னு சொல்லியிருக்காரு, அது வரைக்கும் கூட்டம் இருக்குற அன்னிக்கு ஸ்டாண்ட தூக்கிட்டு போய் வைக்கிறேன்.