வயிற்று வலிக்காரரின் மூச்சை எண்ணுகிறேன்

கணைய அழற்சியோடு ஒருவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால், முதலில் அவருடைய மூச்சைத்தான் எண்ணுவேன். முழு ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தபடி. கூட வந்தவர்கள் பொறுமையிழந்து, "சிஸ்டர், அவருக்கு வயிற்றில்தான் வலி" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் இந்த நோய் முற்றும்போது பெரும்பாலும் முதலில் தளர்வது நுரையீரல்.

உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கத் தொடங்குகின்றன. அங்கே மூளும் அழற்சி இரத்தத்தோடு உடம்பெங்கும் பரவுகிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து, காற்றறைகளில் நீர் கோக்கிறது. போதாக்குறைக்கு வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் இந்த நுரையீரல் செயலிழப்பை 1967இல் லான்செட் மருத்துவ இதழில் முதன்முதலாக விவரித்தபோது, அந்த 12 நோயாளிகளில் ஒருவருக்குக் கணைய அழற்சிதான் மூலம்.

இதைத் தடுக்கவென்று தனி மருந்து கிடையாது. அளவு தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் காப்பு. சலைன் விஷயத்தில் இதை ஊரே நம்ப மறுக்கிறது. பாட்டில் வேகமாக இறங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நினைக்கிறார்கள். கணைய அழற்சிக்கு லிட்டர் லிட்டராக ஏற்றுவதுதான் ஒரு காலத்தில் மருத்துவமனைகளின் வழக்கமாகவும் இருந்தது. 2022இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில் 249 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். தாராளமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்துபோனது. மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மணிக்கு மணி சிறுநீரை அளந்து, டாக்டர் சலைனைக் குறைக்கச் சொன்னால் உறவினர்கள் கலங்க வேண்டியதில்லை.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். தயவுசெய்து வலியைச் சொல்லுங்கள். வலி மருந்தும் நுரையீரலுக்குக் காப்புதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வென்டிலேட்டர் தேவைப்பட்டால், என் சட்டைப் பையில் இருக்கும் இஞ்ச் டேப்பை எடுப்பேன். ஒவ்வொரு மூச்சுக்கும் எவ்வளவு காற்று என்பதை நோயாளியின் உடல் எடையை வைத்து முடிவு செய்வதில்லை. உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறோம். ஒருவர் பருத்தாலும் அவருடைய நுரையீரல் பருப்பதில்லை. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை 61.5 கிலோ, கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஏறத்தாழ 370 மி.லி. தராசில் அவர் 95 கிலோ காட்டினாலும் அதே 370தான். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. கொடுத்தவர்களில் 31 சதவீதம். அதனால் உயரத்தைக் குத்துமதிப்பாக எழுதிவைத்த கோப்பைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். முழங்காலை நீட்டி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை அளக்க ஒரு நிமிடம் போதாதா?

ஆக்சிஜன் அப்போதும் ஏறாவிட்டால் குப்புறப் படுக்கவைப்போம். 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளை இப்படி நீண்ட நேரம் கிடத்தியதில் 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. தலைமாட்டில் நிற்பவர் தொண்டைக் குழாயைப் பிடித்திருப்பார். எண்ணிக்கை சொல்வதும் அவர்தான். மற்றவர்கள் இருபுறமும் நின்று போர்வையோடு சேர்த்துப் புரட்டுவோம். மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை வைத்து, வீங்கிய வயிறு மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணைய நோயாளி என்றால் இதில் நாங்கள் சோம்பவே கூடாது. பிறகு முகத்தை அவ்வப்போது மறுபக்கம் திருப்பி, கன்னமும் காதும் புண்ணாகாமல் கவனிக்க வேண்டும்.

மணிக்கணக்கில் அப்படிக் கிடந்தால் முகம் வீங்கி, கண்ணிமை தடித்துவிடும். முன்னறிவிப்பு இல்லாமல் பார்க்கும் மனைவியோ மகளோ அங்கேயே உடைந்துபோவார்கள். நிமிர்த்திப் படுக்கவைத்த பிறகு வீக்கம் மெல்ல வடிந்துவிடும் என்பதை, உள்ளே அனுப்புவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று புதிதாக வரும் செவிலியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.