முன்கண்ணாடி மாற்றியாச்சு, கேமராவுக்கு கேலிபிரேஷன் செய்தாங்களா?

சொகுசு கார்களில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் கேமராதான் லேன் கோட்டையும் முன்னால் போகும் வண்டியையும் பார்க்கிறது. முன்கண்ணாடி மாற்றும்போது அது 1 டிகிரி திரும்பினால் போதும், 100 மீட்டர் தூரத்தில் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகிவிடும். 3.5 மீட்டர் லேனில் அது பாதி! இந்த விலகலை அளந்து திருத்துவதுதான் கேலிபிரேஷன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

கேலிபிரேஷனுக்கு முதலில் வீல் அலைன்மென்ட். பின்சக்கரங்கள் ஒரு பக்கம் தள்ளினால் வண்டி போகும் திசையும் கேமரா நேர் என்று நினைக்கும் திசையும் பொருந்தாது. பிறகு சமதளத் தரை, சரியான டயர் காற்று, காலி டிக்கி. சில மாடல்களுக்கு டாங்க் நிறைய எரிபொருளும் வேண்டும். அதன்பின்தான் டார்கெட் போர்டு (கேமரா பார்த்து அளவெடுக்கும் வடிவம் அச்சிட்ட பலகை), தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், உயரத்தில். சில வண்டிகளை ஸ்கேன் டூல் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) மாட்டி, கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டியும் முடிக்க வேண்டும். மழையிலோ அழிந்த கோட்டிலோ அது முடியாது.

வேகம் போன்ற எண்களை முன்கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே இருந்தால் அதற்கென்றே செய்த கண்ணாடி கேளுங்கள். அதன் நடு பிளாஸ்டிக் படலம் ஆப்பு வடிவில் இருக்கும். சாதாரணக் கண்ணாடியில் எண்கள் இரட்டையாகத் தெரியும்.

முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அலை அனுப்பி அளக்கும் ரேடார் வேறு கதை. பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் அலை. கிரில் சின்னத்துக்கோ பம்பருக்கோ பின்னால் இருக்கும். அதன் முன்னே கனமாகப் பூசிய பட்டி (putty), மெட்டாலிக் பெயிண்ட், ஸ்டிக்கர் வந்தால் அலை மங்கும். அழகுக்கென்று முன்னால் இரும்புத் தடுப்பு (guard) மாட்டுபவர்களை என்ன சொல்ல?